கலவா மீன், பதினொன்றரை கிலோ

எங்கள் கடலை வெளியூர்க்காரர்கள் கடல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. கரையிலிருந்து உள்ளே நடந்துகொண்டே போகலாம், தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. ஷஹீலி என்று நாங்கள் சொல்லும் அனல் காற்று வீசுகிற நாட்களில் வானமும் தண்ணீரும் ஒரே வெளுப்பாகிவிடும். தண்ணீரில் நட்டுவைத்த ஈச்ச மட்டை அடைப்புகளில் மீன் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கப் போகிற ஆண்கள், நடு வானத்தில் நடப்பது போலத் தெரிவார்கள். கெர்கென்னாத் தீவில் பிறந்தவனுக்கு இதைப் பார்த்துப் பார்த்தே கண்ணில் பாதித் தூக்கம் தங்கிவிடும். எனக்கும் அப்படித்தான். என் காபிக்கடை மீன் கொட்டகைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. இடது காதில் மீன் பெயர், வலது காதில் இருமல். இரண்டுக்கும் நடுவில் நான் பெரும்பாலும் அரைத் தூக்கத்தில்தான் காபி போடுகிறேன். குடிக்கிறவர்களும் அரைத் தூக்கத்தில்தான் குடிக்கிறார்கள், அதனால் புகார் இல்லை.

அந்தத் தூக்கத்தைக் கிழிக்கிற ஒரே குரல் மப்ரூக்காவுடையது. கொட்டகையில் மீன் நிறுப்பவள் அவள். உத்தரத்தில் தொங்கும் வட்ட முகத் தராசு, அதன் கொக்கியில் ஒரு தகரத் தட்டு. தட்டில் விழுந்ததை ஒரு பார்வை பார்ப்பாள், முள் நிற்கக் காத்திருப்பாள், பிறகு கடைசியில் நிற்கிற வியாபாரிக்கும் கேட்கும்படி கூவுவாள். “சங்கரா, நாலு கிலோ! பேய்க்கணவாய், ஆறேகால்!” கால் கிலோவைக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற மீனவனையும், குறைத்துச் சொல்லச் சொல்லிக் குழைகிற வியாபாரியையும் ஒரே வசவில் அடக்கிவிடுவாள். கை இரண்டும் துடுப்பு மாதிரி அகலம். வாய் அதைவிட அகலம்.

மதியம் கொட்டகையைக் கழுவிவிட்டு என் கடைக்கு வருவாள். பின் பெஞ்சு அவளுடையது. ரொட்டியைப் பிய்த்து, மிளகாய் விழுதைத் தடவி, உள்ளே ஒரு மத்தி மீனை வைத்து மெதுவாக மெல்லுவாள்.

“ஹெதி, இந்தக் காபியில காபி எங்கய்யா? தேடிப் பாத்துட்டேன், காணோம்.”

“கண்ணு தெரியலைன்னா அக்கரையில ஸ்ஃபாக்ஸ் போய்க் கண்ணாடி வாங்கிக்க.”

இந்தப் பேச்சில் ஒரு கணம் இருவருமே நிறுத்திக்கொள்வோம். கண் என்ற சொல் அவளுக்கு முன்னால் சொல்லக் கூடாத சொல்.

மப்ரூக்கா என்றால் பாக்கியவதி என்று பொருள். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. கட்டியவன் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஸ்ஃபாக்ஸுக்குப் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். அவன் போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. பிள்ளை இல்லாதவள் கண்ணில் ஏக்கம் இருக்கும், ஏக்கம் இருக்கிற கண் பட்டால் பிள்ளை வாடிவிடும் என்று எங்கள் பெண்கள் நம்புகிறார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சந்தில் வருவது தெரிந்தால் கைக்குழந்தையின் முகத்தில் முக்காட்டை இழுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். தொட்டிலை மெதுவாக உள்பக்கம் திருப்புவார்கள். சிரித்துக்கொண்டே, “வாங்கக்கா, நல்லாருக்கீங்களா” என்று கேட்டுக்கொண்டே திருப்புவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ தரையைப் பார்த்து நடக்கப் பழகிவிட்டாள். ஊரில் இத்தனை குழந்தைகள், ஒன்றின் முகம்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. மீன்களைத்தான் முகம் பார்த்துப் பழகியிருந்தாள்.

எங்களுக்குக் கண்ணேறுக்கு மாற்று மீன்தான். கதவு நிலையில் காய்ந்த மீன் வால் தொங்கும். யாராவது குழந்தையைப் புகழ்ந்துவிட்டால் தாய் உடனே “மீன், மீன்” என்று முணுமுணுப்பாள். மீன் மேல் எந்தக் கண்ணும் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் கணக்கு.

எங்கள் சந்தில் கண்ணேறுக்கு மிகவும் பயந்தவள் தையல்காரி வஸீலா. இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவதாகப் பிறந்தவன் ஷிஹாப். கொழுகொழுவென்று பிறந்தான். அதுவே அவளுக்குத் திகிலாகிவிட்டது. பழந்துணியில் சட்டை தைத்துப் போட்டாள். தொப்பியில் மீன் வால் குத்தினாள். கேட்கிறவர்களிடமெல்லாம், “எங்கே, ஈர்க்குச்சி மாதிரி இருக்கான்” என்றாள். தடுப்பூசி போடப் போனபோதுகூட அவனை நிறுக்க விடாமல் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன எடை கரைந்துவிடும் என்பது அவள் பயம்.

மருந்துக்கடை துர்ராவுக்கு இந்தப் பயம் தெரியும். அவள் கடையில் பச்சிளங்குழந்தைகளை நிறுக்கும் வெள்ளைத் தராசு ஒன்று இருக்கிறது. வாங்கி வைத்த நாளிலிருந்து அதில் ஒரு குழந்தையும் படுத்ததில்லை. அதன் மேல் காலண்டரும் அவள் கைப்பையும்தான் படுத்திருக்கும். துர்ரா படித்தவள், பொறுமை கம்மி, மனசு நல்லது. மருந்து கொடுப்பதால் ஊருக்கு அவள் டாக்டரம்மா.

அந்த வருடம் கோடை மும்முரமாக இருந்தபோது ஷிஹாபுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. காய்ச்சல் கண்டது. வஸீலா பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்து சிவப்புப் பெட்டியில் காய்ச்சல் சிரப் வாங்கிப் போனாள். அந்தப் பெட்டிக்குள் ஒரு பீச்சுக்குழல் இருக்கும். அதில் மில்லி இல்லை, குழந்தையின் கிலோ எண்கள் போட்டிருக்கும். பிள்ளை எத்தனை கிலோவோ அந்தக் கோடு வரை இழுத்து வாயில் விட வேண்டும். துர்ரா கேட்டாளாம், எத்தனை கிலோ என்று. ஏழு என்றாளாம் வஸீலா. பிள்ளையைத் தூக்கி வா என்று துர்ரா சொன்னதற்கு, மெலிந்த பிள்ளை, வெயில் தாங்காது என்று சொல்லிவிட்டாளாம்.

மறுநாள் மதியம் ஷஹீலி உச்சத்தில் இருந்தது. தெருவில் நாய்கூட இல்லை. மல்லிகைச் செடி நின்ற நிலையில் வதங்கிக்கொண்டிருந்தது. கடல் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. என் கடையில் துர்ரா தன் மருந்துக்கடையைச் சாத்திவிட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள், மப்ரூக்கா பின் பெஞ்சில் ரொட்டி மென்றுகொண்டிருந்தாள், நான் கிளாஸ் துடைத்துக்கொண்டே கனவு கண்டுகொண்டிருந்தேன். வாசலில் தொங்கும் பாசிமணித் திரை சலசலத்தது. வஸீலா நின்றாள், தோளில் முக்காட்டுக்குள் பொதிந்த பிள்ளை. பின்னாலேயே அவள் நாத்தனார் நெஜீபா. மப்ரூக்காவைப் பார்த்ததும் வஸீலாவின் கை தானாகப் போய்ப் பிள்ளையின் முகத்தை மூடியது.

“டாக்டரம்மா, நீங்க குடுத்தது மருந்தா, சர்க்கரைத் தண்ணியா? நேத்திலேர்ந்து ஊத்துறேன், சூடு இறங்கவே மாட்டேங்குது.”

“நேத்திலேர்ந்து ஊத்துறியா? எத்தனை தடவை?”

“சுடும்போதெல்லாம்தான்.”

துர்ரா காபியைக் கீழே வைத்தாள். “ஒரு தடவை குடுத்தா அடுத்ததுக்கு ஆறு மணி நேரம் போகணும்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. இறங்கலையே! பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா?”

துர்ரா என் காலி கிளாஸ்களை இழுத்து மேசையில் வைக்கத் தொடங்கினாள். ஒரு தடவைக்கு ஒரு கிளாஸ். நேற்று மதியத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று, அது முடியுமுன் இன்னொன்று. வஸீலா யோசித்து யோசித்துச் சொல்லச் சொல்ல கிளாஸ் வரிசை நீண்டது. மேசை ஓரம் வந்ததும் நெஜீபா தொண்டையைச் செருமினாள்.

“நானும் ஒண்ணு வச்சேன். என் மவனுக்கு வாங்கினதுல மிச்சம் இருந்த மெழுகு மாத்திரை. பின்பக்கமா. பாவம், பிள்ளை அனத்திக்கிட்டே இருந்துச்சு.”

“என்ன மாத்திரை?”

“காய்ச்சலுக்குத்தான். ஆனா அது வேற மருந்து டாக்டரம்மா. நீலப் பெட்டி.”

“பெட்டிதான் வேற! உள்ள இருக்கிற சரக்கு ஒண்ணுதான். பாரசிட்டமால். வாய் வழியா போனா என்ன, கீழ் வழியா போனா என்ன, எல்லாம் ஒரே உடம்புக்குத்தானே?” துர்ரா இன்னொரு கிளாஸை ஓசையுடன் வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டாள். முகம் மாறியது. “ஏழு கிலோப் பிள்ளைக்கு இது ரொம்ப அதிகம் வஸீலா. ஈரலைப் பிடிச்சிடும். இப்பவே ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், ரத்தம் பாக்கணும். அது இங்க தீவுல முடியாது.”

“காத்துனால படகுத்துறையைச் சாத்திட்டாங்க” என்றேன் நான். “பெரிய படகு இன்னிக்கு வராது.”

“எங்க வீட்டுக்காரரு படகு இருக்கு” என்றாள் நெஜீபா.

நாங்கள் எல்லோரும் கடலைப் பார்த்தோம். கரையோரம் தூங்குகிற மாதிரிதான் கிடந்தது. ஆனால் ஆழம் தொடங்குகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ புரண்டுகொண்டிருந்தது. அந்தக் காற்றில் சின்னப் படகில், காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நிழலில்லாமல் அக்கரை வரைக்கும்.

“ஏழு இல்ல” என்றாள் வஸீலா. சொன்னது பாதிதான் கேட்டது.

“என்ன?”

“ஏழு கிலோ இல்ல. நான்... குறைச்சுச் சொன்னேன்.”

“பின்ன எத்தனை?”

“தெரியாது. நிறுத்ததே இல்ல.”

துர்ரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அதான் இறங்கலை! ஏழாம் கோட்டுல நிறுத்தினா இவனுக்கு எப்படிக் காணும்? காணலைன்னு திரும்பத் திரும்ப ஊத்தியிருக்க.” பிறகு அவள் குரல் தணிந்தது. “கேளு. எடை தெரிஞ்சாத்தான் எதுவும் சொல்ல முடியும். ஏழு எட்டுன்னா படகுதான், வேற வழி இல்ல. பதினொண்ணைத் தொட்டான்னா பயமில்ல. வா, என் தராசுல போடு.”

வஸீலா பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். “மாட்டேன். அந்த வெள்ளைத் தராசுல மாட்டேன்.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“முன்னால ரெண்டு தடவையும் மாசத்தை எண்ணி எண்ணி எல்லார்கிட்டயும் சொன்னேன் டாக்டரம்மா. ரெண்டும் தங்கலை. இவனை எண்ண மாட்டேன். எண்ணிட்டா போயிடுவான்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் துர்ரா திட்டியிருப்பாள். மணித்திரை மட்டும் காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தது.

பின் பெஞ்சில் ரொட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“பிள்ளையை யாருடி நிறுக்கச் சொன்னா?” மப்ரூக்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “என் தராசுல பிள்ளையெல்லாம் நிறுக்கிறதில்ல. மீனுதான். அந்த மீனைக் கொண்டா.”

வஸீலா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். மீன் மேல் கண் ஒட்டாது. அது வஸீலாவுக்கும் தெரியும். ஆனால் நிறுக்கிறவள் யார்? அவள் நினைத்தது எங்கள் மூன்று பேருக்கும் அச்சடித்த மாதிரி தெரிந்தது. மப்ரூக்காவுக்கும் தெரிந்தது. வருடக் கணக்காக அவளுக்குத் தெரிந்ததுதானே.

“என் கண்ணுக்குப் பயமா?” என்றாள் மப்ரூக்கா. கோபமே இல்லை அந்தக் குரலில், அதுதான் என்னைக் குத்தியது. “சரி, நான் கண்ணை மூடிக்கிறேன். முள்ளை டாக்டரம்மா பாக்கட்டும். கை மட்டும்தான் என்னோடது.”

கொட்டகைக்குப் போனோம். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை குளிர்ந்திருந்தது. தகரக் கூரை இடுக்கு வழியாக வெயில் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. துர்ரா சந்தேகப் பேர்வழி. “மீன் தராசு சரியா காட்டுமா?” என்றாள். நான் ஓடிப் போய்ச் சர்க்கரை பாக்கெட்டுகள் கொண்டு வந்து தட்டில் வைத்தேன். முள் சரியாகப் பாக்கெட் எண்ணிக்கையில் வந்து நின்றது. “என் தராசைச் சந்தேகப்பட்டவ நீதான் முதல் ஆளு” என்று மப்ரூக்கா உறுமினாள். தட்டில் என் சுத்தமான மேசைத் துணியை மடித்துப் போட்டு, அதன் எடையையும் பார்த்துக் கழித்துக்கொண்டாள் துர்ரா.

பிறகு மப்ரூக்கா கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

வஸீலா முக்காட்டை விலக்கினாள். தூக்கக் கலக்கத்தில், கன்னம் சிவந்து, வியர்வையில் முடி ஒட்டி, ஊரே பார்த்திராத அந்தக் குண்டுப் பயல் வெளியே வந்தான். அவனை அந்த அகலமான கைகளில் வைத்தாள். மப்ரூக்கா ஒரு நொடி அப்படியே நின்றாள். அவள் கையில் ஒரு குழந்தையை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. மூடின கண்ணோடு தட்டை ஒரு கையால் தடவித் தேடி, அவனை மெதுவாக இறக்கினாள். ஒரு கை விலகாமல் அடியிலேயே நின்றது, தட்டைத் தொடாமல், விழுந்தால் பிடிக்க.

முள் ஆடியது. ஏழைத் தாண்டியது, திரும்பி வந்தது, எட்டில் தயங்கியது.

“இருடா” என்றாள் வஸீலா. எடையைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்கிற வஸீலா, தராசு முகத்தில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்றாள். “இன்னும் கனமா இருடா என் ராஜா. நல்லா கனமா இரு. போ, மேல போ.”

முள் ஒன்பதில் நடுங்கியது. ஷிஹாப் காலை உதைத்தான், தட்டு ஊசலாடியது. பத்து. பிள்ளை ஏதோ கனவில் சிரித்த மாதிரி வாயைத் திறந்து, அசையாமல் கிடந்தான். முள் மெல்ல ஏறி, ஒரு இடத்தில் நின்றது.

துர்ரா எட்டி மப்ரூக்காவின் காதில் சொன்னாள்.

மப்ரூக்கா நெஞ்சு நிறைய மூச்சிழுத்தாள். காலிக் கொட்டகை அதிர, ஆளில்லாத கடலுக்கே கேட்கிற மாதிரி கூவினாள்.

“கலவா மீன்! பதினொன்றரை கிலோ!”

மூடின இமைகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் தாடையில் நின்றது. எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. வஸீலா பிள்ளையை வாரி எடுத்து “மீன், மீன், என் மீன்” என்று முத்தமிட்டுக்கொண்டே இருந்தாள். மப்ரூக்கா, அவனை முக்காட்டுக்குள் வைத்துவிட்டார்கள் என்று துணி சரசரத்ததில் தெரிந்துகொண்ட பிறகுதான் கண்ணைத் திறந்தாள். தரையைப் பார்த்தபடி தட்டைக் கழுவப் போனாள்.

துர்ரா வாசலில் நின்று ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் கிளாஸ் கணக்கையும் எடையையும் சொன்னாள். படகு வேண்டாம் என்றார் அவர். கொடுத்தது கொஞ்சம் கூடுதல்தான், அபாயக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். நாளை வரைக்கும் அந்த மருந்து எந்தப் பெட்டியிலிருந்தும் வேண்டாம், காலையில் தீவு டாக்டர் பிள்ளையைப் பார்க்கட்டும். இடையில் வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ, கண் மஞ்சளித்தாலோ எந்தக் காற்றானாலும் ஆள் அனுப்புகிறோம், உடனே கூப்பிடுங்கள் என்றார்.

“கேட்டுக்க” என்றாள் துர்ரா. “துணியை அவுத்து விடு, இந்த வெயில்ல யாராவது பிள்ளையை மூட்டை கட்டுவாங்களா? பால் குடு, தண்ணி குடு. காய்ச்சல் கொஞ்சம் இருந்தா இருக்கட்டும், அவன் சிரிச்சுக்கிட்டு விளையாடினான்னா மருந்தே வேண்டாம். மருந்து அனத்தாம இருக்கிறதுக்குத்தான், தெர்மாமீட்டரை ஜெயிக்கிறதுக்கு இல்ல. இனிமே குடுத்தா ஒரே கை, உன் கை. பதினொன்றரையைத் தாண்டாத கோடு. ஒண்ணு குடுத்தா ஆறு மணி நேரம். நெஜீபா, உன் வீட்டு மிச்சம் மீதியெல்லாம் என்கிட்ட கொண்டா. உன் புருஷன் தலைவலிக்குப் போடுற ஆஸ்பிரினைப் பாதி உடைச்சுக் குடுக்கிற வேலையும் வேண்டாம், அது பிள்ளைங்களுக்கு ஆகவே ஆகாது.”

“நான் குடுக்கலையே!”

“குடுக்க நினைச்சிருப்ப.”

நெஜீபா மிச்சப் பெட்டிகளை எடுத்து வர வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை தீவு டாக்டர் பிள்ளையைத் தட்டித் தடவிப் பார்த்து, ஈரலுக்கு ஒன்றும் இல்லை என்றார். அதற்கடுத்த நாள் காய்ச்சல் விட்டு, உடம்பெங்கும் ரோஜா நிறத்தில் பொட்டுப் பொட்டாக வந்து மறைந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வந்து தானே போகிற வகைதான். காற்றும் திரும்பியது. கடல் கடலாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மீன் வியாபாரம் முடிந்து கொட்டகையைக் கழுவின பிறகு, முக்காடு போட்ட பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். சுத்தமான துணி அவர்களே கொண்டு வருவார்கள். மப்ரூக்கா கண்ணை மூடிக்கொள்வாள், பக்கத்தில் துர்ராவோ நானோ முள்ளைப் பார்த்துச் சொல்வோம். “மத்தி, நாலரை!” “ஊழி, ஒன்பது!” ஒல்லிப் பிள்ளைக்கு ஒல்லி மீன், குண்டுப் பிள்ளைக்குக் குண்டு மீன். பிறகு அந்தப் பெண் மருந்துக்கடைக்குப் போய், “டாக்டரம்மா, என் மீனுக்குக் காய்ச்சல், ஒன்பது கிலோ” என்பாள். துர்ரா சிரிக்காமல் குழலில் ஒன்பதாம் கோட்டைப் பேனாவால் குறித்துக் கொடுப்பாள். வெள்ளைத் தராசின் மேல் கைப்பை இன்னும் தூங்குகிறது.

மப்ரூக்கா மட்டும் கண்ணைத் திறக்கவே மாட்டாள். யாரும் திறக்கச் சொன்னதில்லை. எத்தனை பிள்ளைகள் அவள் கை வழியாகப் போயின. காதுமடலையும் குதிகாலையும் கைக்குத் தெரியும். முகம் தெரியாது. சாயங்காலம் என் பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். “அந்த ஊழி இருக்கே, ஹெதி, அதுக்குக் கன்னத்துல குழி விழுமா?”

“விழும்.”

“அப்படித்தான் நினைச்சேன்.”

குளிர் தொடங்கிய ஒரு நாள், பேய்க்கணவாய் வரத்து குவிந்து கொட்டகை நிறைய ஆட்கள். மப்ரூக்கா தொண்டை கட்டக் கூவிக்கொண்டிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வஸீலா வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. ஷிஹாப் புதுச் சட்டையில், தலையில் தொப்பியில்லாமல், மீன் வாலும் இல்லாமல், ஊரே பார்க்க இடுப்பில் உட்கார்ந்திருந்தான்.

“காய்ச்சலா?” என்றாள் மப்ரூக்கா, அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு.

“இல்லக்கா. நல்லாருக்கான். தடுப்பூசி போடப் போறேன், எடை கேப்பாங்க. ஒழுங்கா சொல்லணும்ல.” வஸீலா பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு விலகவில்லை. “கண்ணைத் தொறந்துக்கிட்டு நிறுங்க.”

கொட்டகையில் சத்தம் அடங்கியது. மப்ரூக்கா இமையைத் திறக்கவில்லை.

“எனக்காக வேண்டாம் பொண்ணே. மூடியே இருக்கேன். பழகிடுச்சு.”

“நீங்க பாக்கணும்க்கா. இவன் உங்களைப் பாத்துக்கிட்டிருக்கான்.”

அவள் திறந்தாள். ஷிஹாப் அவளை உற்றுப் பார்த்தான், எட்டி அவள் மூக்கைப் பிடித்து இழுத்தான். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. வியாபாரி ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு தட்டில் துணி போட்டு அவனை வைத்தாள், முள் நிற்கக் காத்திருந்தாள், தானே பார்த்தாள். எல்லோரும் மீன் பெயருக்காகக் காத்திருந்தோம்.

“பையன்!” என்று கூவினாள் மப்ரூக்கா. “வஸீலா பெத்த பையன், ஷிஹாப்! பன்னிரண்டேமுக்கால் கிலோ!”